அதே

யூ பெட் என்று எழுதியிருந்தான் ட்ராவிஸ்.
ஐந்து கிலோ தேங்காய்நார்த்தூள் கட்டி,
உப்புப் போகக் கழுவியது, ஒரு கன்டெய்னர்,
செவ்வாய்க்குள் பணம் வருமா என்று கேட்டதற்கு.

மாசிலாமணி அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"பந்தயம் கட்டறானா கண்ணு?
யாவாரத்துல எதுக்குச் சூதாட்டம்? நேராக் கேளு."
கேட்டேன்.
யூ பெட் என்றே மறுபடியும் எழுதினான்.
செவ்வாய் காலையில் பணம் வந்துவிட்டது.
அண்ணன் அதற்கப்புறமும் அவனை நம்பவில்லை.

எங்கள் யார்டு கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி
மூன்றாவது கிலோமீட்டரில் இருக்கிறது.
பெயர்ப்பலகையில் பாதிதான் எனக்கு வாசிக்க வரும்.
இறக்குகிறவர்கள் சரிங்க என்பார்கள்,
ஏற்றுகிறவர்கள் ஆயிக்கோட்டெ என்பார்கள்,
எதைச் சொன்னாலும் லாரி நகர்ந்துவிடும்.
ட்ராவிஸின் ஆமாக்களைத்தான்
நோட்டுப் போட்டு எழுதிவைக்க வேண்டியிருந்தது.

ஐயம் டவுன் என்று வந்த அன்று
உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், சுக்குத் தண்ணீர் நல்லது
என்று பதில் போட்டேன்.
சிரிக்கிற மூஞ்சி மூன்று அனுப்பினான்.
பக்கத்து நாற்காலி சுஜிஷா, சிற்றூர்க்காரி,
தம்பி அயர்லாந்தில் இருப்பவள்,
மேசையில் தலை கவிழ்த்துச் சிரித்தாள்.
"வெலைக்கு ஒத்துக்கிட்டான் சேச்சி.
அவன் படுக்கையில விழலை."

சே லெஸ் என்று வந்தபோது
இரண்டு நாள் நான் எதுவும் எழுதவில்லை.
பேச்சைக் குறை என்று
எனக்குச் சொன்ன முதல் ஆள் அவனில்லை,
அதனால் அர்த்தம் தேடத் தோன்றவில்லை.
மூன்றாம் நாள் அவனே கேட்டான், எல்லாம் நலம்தானே என்று.
அயர்லாந்துத் தம்பி விளக்கம் அனுப்பினான்:
இதுக்கு மேல சொல்ல வேணாம், புரிஞ்சுது, முடிச்சிரலாம்.

பச்சை மசியில் எழுதினேன்.
சே லெஸ், ஆமா.
ஐயம் டவுன், ஆமா.
யூ பெட், ஆமா, கேட்கவே வேண்டாம்.
ஒருத்தன் சரி சொல்ல
இத்தனை வாசலா என்றிருந்தது.

என்னிடம் இருந்தது ஒன்று.

ஆறு வருஷத்துக்கு முன்னால்
நல்லேப்பிள்ளியிலிருந்து வந்தவர்கள்
வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது
பெரியப்பா கேட்டார், "என்னம்மா?"
ம் என்றேன்.
காதில் விழுகிறது என்கிற ம்.
கதை கேட்கும்போது போடுகிற ம்.
அதற்கு அர்த்தம் கேட்டுச் சொல்ல
அங்கே யாருக்கும் அயர்லாந்தில் தம்பி இல்லை.
மத்தியானமே தேதி குறித்துவிட்டார்கள்.

சிவதாசனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.
அவரைக் கேட்டபோது
அவரும் ம் என்றுதான் சொன்னாராம்.
நாலு வருஷம் கழித்து,
கரன்ட் போன ஒரு ராத்திரியில் சொன்னார்.
அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

ஆடியில் அடைமழை. கொச்சியில் கப்பல் ஏறவில்லை.
ட்ராவிஸுக்கு எழுதினேன்: லோடு நின்றுவிட்டது.
எனக்கும் அலுப்பாக இருக்கிறது.
இரண்டாவது வரியை ஏன் எழுதினேனோ.
ஒரே சொல் வந்தது.
சேம்.

இதற்கு யாரையும் கேட்கவில்லை.
எதிரே அதே என்று நானே எழுதினேன்.
எட்டிப் பார்த்த சுஜிஷா
"அதெ, அதெ" என்று தலையாட்டினாள்.
அவள் பேச்சில் அதுதான் ஆமா.
கடைசி எழுத்தைக் கொஞ்சம் குறுக்கிக்கொள்வார்கள்.

பாலக்காடு குடும்பக் கோர்ட்டில்
காற்றாடி டக்டக்கென்று சுற்றியது.
"ம் போதாது, வாயைத் திறந்து சொல்லணும்"
என்று வக்கீல் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.
ஜட்ஜம்மா காகிதத்திலிருந்து நிமிர்ந்து
முதலில் அவரைக் கேட்டார்.
பிரிவதற்கு, "சம்மதமாணோ?"
"அதெ."
பிறகு என்னை.

அதே, என்றேன்.
கொஞ்சம் நீண்டுவிட்டது போல.
தட்டச்சு செய்தவள் ஒருதரம் பார்த்துவிட்டுத் தட்டினாள்.

பஸ் ஸ்டாண்டில் போனைத் திறந்தால் ட்ராவிஸ்.
அடுத்த மாதம் இரண்டு கன்டெய்னர் முடியுமா?
அண்ணனைக் கேட்காமல்
நோட்டைப் பார்க்காமல்
யூ பெட் என்று எழுதினேன்.